கரம்பைக்கு ஒரு சட்டம்

ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம். காலையில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லுவாராம். அவர் வாய் கொப்பளிப்பதற்குள் அது சட்டமாகி, தண்டோராக்காரன் நாலு தெருவும் சுற்றி வந்துவிடுவானாம். என் தாத்தா இப்படிக் கதை சொல்லித்தான் என்னை வளர்த்தார். எம்.எல்.ஏ. ஒருவரிடம் எழுத்து வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிட மோசமான படிப்பு வேறு கிடையாது.

சட்டம் செய்கிற தொழிலில் பேசுகிறவருக்கு மாலை விழும். எழுதிக் கொடுத்தவனுக்கு ஏச்சு விழும். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனுவும் கையுமாகக் காத்திருந்து பழகியவர்களே, ‘நாளைக்கு வாங்க’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது காய்ச்சுப் போனவர்களே, நீங்கள் எல்லாம் என் இனம். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

வேலை கிடைத்த விதம்

எனக்குப் பிறவியிலேயே ஒரு குறை. குரல் வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ என்று நான் சொன்னது வாத்தியாருக்குக் கேட்காமல், வந்த நாளெல்லாம் வராத நாளாகப் போயிருக்கிறது. பி.யூ.சி. படித்து டைப்பும் பழகின பிறகு, அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த எங்கள் எம்.எல்.ஏ.விடம் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வத்தல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, ஒரு மேஜை. அதுதான் தொகுதி அலுவலகம். உள்ளே போனவர்கள் தும்மிக்கொண்டே குறை சொல்லவேண்டும்.

“ஏலே, உனக்குப் பேச வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். “என்னது?” என்றார். வரும் அண்ணாச்சி என்றேன். காதைக் கிட்டே கொண்டுவந்து, “என்னது?” என்றார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: “நல்லதாப் போச்சு. எங்கிட்ட இருக்கவன் எழுதுனாப் போதும், பேச நான் இருக்கேன்.”

சாவடியில் கட்டின மாடு

கண்மாய் வற்றினால் அடியில் கறுப்பாக வண்டல் படிந்து கிடக்கும். அதற்கு எங்கள் பக்கம் கரம்பை என்று பெயர். கோடையில் அதை வெட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிப் பரப்பினால் கல்லாங்காடுகூட வெள்ளாமை கொடுக்கும். பெண்கள் அதிலேயே ஒரு கை அள்ளித் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். யாரும் யாரையும் கேட்டு அள்ளியது கிடையாது. கண்மாய் கிடக்கிறது, கரம்பை கிடக்கிறது, அவ்வளவுதான்.

திருச்சுழிப் பக்கம் ஆவாரம்பொட்டல் என்று ஒரு கிராமம். அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒருநாள் சோலையம்மா என்கிற அம்மாள் கடைக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். நின்றுகொண்டே பேசினாள். “பாகம் பிரிக்கையிலே கரிசலை எல்லாம் எங்கொழுந்தன் வச்சிக்கிட்டாரு அண்ணாச்சி. எங்களுக்குக் கல்லாங்காடு. எங்க வீட்டுக்காரரு தவறுனதுக்கப்புறம், ‘மதினி, அதை எனக்கே எழுதிக் குடுத்துட்டு எங்க வீட்டுல கூடமாட ஒத்தாசையா இருந்து கஞ்சி குடிச்சிக்கோங்க’ங்காரு. நான் மாட்டேன்னுட்டேன். ஊர்க்கூட்டத்துல வச்சு, ‘மூணு வெள்ளாமை பாக்கேன். அதுக்குள்ள அந்தக் காடு வெளைஞ்சா உம்பாடு. இல்லேன்னா எனக்கு எழுதித் தந்துறணும்’னாரு. நானும் நாலு பேரு முன்னாடி சரின்னு தலையாட்டிட்டேன்.”

ஒரு கோடை கரம்பை அடித்தால் காடு எழுந்துவிடும் என்று, இரவல் வண்டி கட்டிப் போயிருக்கிறாள். வரி வசூலும் ஊர் அதிகாரமும் கையில் வைத்திருந்த முன்சீப் கொழுந்தனுக்குச் சம்பந்தி. ‘கண்மாய் சர்க்கார் சொத்து’ என்று வண்டியை மறித்து, மாட்டைச் சாவடியில் கட்டிப்போட்டுவிட்டார். அவளுக்கு முன்னால் போன வண்டியும் பின்னால் வந்த வண்டியும் அதுஅது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. வத்தல் நெடிக்குக்கூடக் கண்ணைக் கசக்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னாள்: “கஞ்சிதான் குடிக்கணும்னா எங் காட்டுக் கஞ்சியக் குடிச்சிக்கிறேன் அண்ணாச்சி. அவுக வீட்டுக் கஞ்சி எனக்கு எறங்காது.”

ஒரு சீட்டும் ஒரு யோசனையும்

அண்ணாச்சி நல்ல மனுஷர். நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் தாசில்தாருக்கு நாலு வரி எழுத ஆரம்பித்தார்: மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லவும், இந்த அம்மாளைக் கரம்பை அள்ள விடவும். இவ்வளவுதான் விஷயம். அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

“அண்ணாச்சி, ஒரு ஆளுக்குச் சீட்டுக் குடுக்கிறதைவிட, நாட்டுக்கே ஒரு சட்டமாக் கொண்டுவந்தா என்ன? சம்சாரிக யாரும் கண்மாயில கரம்பை அள்ளலாம், யாரும் தடுக்கக் கூடாதுன்னு.” பிறந்ததிலிருந்து என் குரல் நாலு பேருக்குத் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணாச்சியின் பேனா நின்றுவிட்டது. சபைக்குப் போனதிலிருந்து அவர் அங்கே பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சீட்டில் மாட்டைப் பற்றிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மண்ணைப் பற்றிய வரியை அடித்துவிட்டார். அதைத்தான் சட்டமாகவே செய்யப் போகிறோமே!

மறுவாரம் சோலையம்மா மறுபடி வந்தாள். வண்டி இரவல் கொடுத்தவர் தன் மாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டாராம். நான் அவளுக்கு மசோதா என்றால் என்ன, சபை என்றால் என்ன என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “மாடு வந்துருச்சு, ரொம்பச் சந்தோசம். மண்ணு எப்ப வரும் தம்பி?” என்றாள்.

ராஜா எந்தப் பக்கம்?

மசோதாவோடு, அது எதற்காக வேண்டும் என்று ஒரு விளக்கமும் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு. மூன்று ராத்திரி விழித்து எழுதினேன். ‘ஒரு ஊரில் ஒரு கண்மாய் இருந்தது. மாரி பெய்தால் நிறையும். கோடை வந்தால் வற்றும். வற்றிய கண்மாய் சும்மா கிடக்குமா என்றால், கிடக்காது’ என்று ஆரம்பித்துப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எழுத்து என்றால் அப்படித்தான் வரும். அதில் சோலையம்மா இருந்தாள், கொழுந்தன் இருந்தார், சாவடியில் கட்டின மாடு என்ன நினைத்திருக்கும் என்பதும் இருந்தது.

விருதுநகரில் ரயில் ஏறி, அண்ணாச்சியும் நானும் மெட்ராஸ் போய்க் கோட்டையில் சட்ட இலாகா அதிகாரி ஒருவர் முன்னால் நின்றோம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த பெரியவர். என் தாள்களை ஆற அமர வாசித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்றாவது பக்கம். முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து, நமக்கு இங்கேயே வேலை கிடைத்துவிடும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, எல்லாவற்றையும் அடித்து, மூன்றே வரியில் மசோதாவைச் சுருக்கி எழுதி எங்களிடம் நீட்டினார். அடித்த தாள்களைத் தூக்கிப் போடவில்லை. தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். “வாசிக்க நன்னாத்தான் இருக்கு தம்பி. கடைசி வரைக்கும் பாத்துண்டே இருந்தேன், ராஜா எந்தப் பக்கத்துலதான் வரார்?”

விஷயம் சபையில் இருக்கிறது

மசோதா ஒன்று சபைக்கு வருகிறது என்றால், அதைப் பற்றி அரசாங்கம் ஜில்லாவில் விசாரிக்கும். இது எனக்குத் தெரியாது. மெட்ராஸிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து முன்சீப்புகளுக்கு என்று ஒரு கேள்வி இறங்கி வந்தது: கண்மாய்களில் கரம்பையை அள்ளுகிறவர்கள் யாருடைய அனுமதியின்பேரில் அள்ளுகிறார்கள்? எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை! அதுவரை அந்தக் கேள்வியே யார் மனசிலும் எழுந்ததில்லை. சபை முடிவு செய்கிறவரை தாலுகாவில் ஒருவரும் அள்ளக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

ஆவாரம்பொட்டல் முன்சீப்புக்கு உத்தரவு என்றால் வெல்லம். கண்மாய்க் கரையில் தலையாரியை நிறுத்தி, பெண்கள் தலைக்குத் தேய்க்க அள்ளுகிற ஒரு கைக் கரம்பையைக்கூடத் தடுத்தார். முதல் நாள் மாட்டிக்கொண்டது அவருடைய சம்சாரமே. விஷயம் தெரியாத தலையாரி அந்த அம்மாளின் நார்ப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். முன்சீப் வீட்டில் அன்றிலிருந்து சரியாகச் சோறு பொங்கவில்லை என்று கேள்வி.

அந்தச் சமயத்தில் நான் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். “காலங்காலமா அள்ளிக்கிட்டுத்தான கெடந்தோம். எவனோ ஒரு பய, அதை அள்ளலாமான்னு மெட்ராஸுல போயிக் கேட்டானாம். கேட்டாச் சும்மா இருப்பானா சர்க்காரு? அந்தப் பய மட்டும் எங் கையில கெடைக்கட்டும்” என்று பல்லைக் கடித்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி எங்க வேல பாக்கீக?” என்றார். வத்தல் கடையில் என்றேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. பெரியவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்: “நல்ல வேல தம்பி. யாருக்கும் கெடுதல் இல்லாத வேல.”

வெற்றிகரமாக வாபஸ்

மசோதா சபைக்கு வந்த அன்று நான் மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி எழுந்தார். நன்றாகவே பேசினார். மந்திரி எழுந்து, உறுப்பினரின் நோக்கம் உயர்ந்த நோக்கம், அரசாங்கமே இதுபற்றி விரிவான மசோதா ஒன்றைக் கொண்டுவரும், ஆகவே உறுப்பினர் தம்முடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணாச்சி நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். எங்கள் தொழிலில் தனி உறுப்பினருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. அன்று ராத்திரி அண்ணாச்சி எனக்கு மவுண்ட் ரோட்டில் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து சோலையம்மாவிடம் இந்த வெற்றியை விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வருஷம் அவள் கரம்பை போடாத கல்லாங்காட்டிலேயே குதிரைவாலி விதைத்திருந்தாள். முளைத்து, ஒரு சாண் வந்து, கருகிவிட்டது. மூன்று வெள்ளாமையில் ஒன்று போயிற்று. ஒரு கருகின தூரைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். “அப்ப, குடுத்ததை நீங்களே திருப்பி வாங்கிட்டு வந்திருக்கீக. இதுக்கா தம்பி ரயிலேறிப் போனீக?”

தலைக்குளியல்

மந்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருஷம் அரசாங்க மசோதா வந்தது. எங்கள் மூன்று வரி அதற்குள் பெருத்துப் பல பக்கமாகியிருந்தது. கரம்பை அள்ளலாம். ஆனால் தாசில்தாரிடம் மனுச் செய்யவேண்டும். மனுவோடு முன்சீப்பின் சான்று வேண்டும். மீறினால் தண்டனை. யாரைத் தாண்டிப் போவதற்காகச் சட்டம் கேட்டோமோ, அந்த முன்சீப்பையே வாசலில் உட்கார்த்தி வைத்து வந்திருந்தது சட்டம்.

விவாதத்தில் பேச அண்ணாச்சிக்குக் குறிப்பு எழுதினேன். கரம்பையின் பயன்களைச் சொல்லும் இடத்தில் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை கரம்பையைக் குழைத்து உச்சியில் வைத்து, ஊறவிட்டு, எப்படி அலசுவார்கள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். காலையில் அடித்துவிடலாம் என்றிருந்தேன்; மறந்துவிட்டேன். அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததை மாற்றாமல் வாசிக்கிறவர். சபையில் நின்று, மந்திரி முன்னால், ‘நுரை வராது, ஆனால் அழுக்குப் போகும்’ என்பது வரை வாசித்தார். சபை சிரிப்பில் உருண்டது. எதிர்க்கட்சியில் வழுக்கைத் தலை உறுப்பினர் ஒருவர் எழுந்து, ‘தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்காகத் தலைச்சுமையாக எடுக்கப்படும் கரம்பைக்கு இச்சட்டம் பொருந்தாது’ என்று ஒரு திருத்தம் கொடுக்கிறேன், எனக்கு உபயோகமில்லை, உறுப்பினருக்கு ஆகும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றார் சபாநாயகர். கொடுத்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறேன் என்றார். நிறைவேறிவிட்டது.

மாடியிலிருந்து நான் இறங்கி வரும்போது அண்ணாச்சி படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். சுற்றிலும் உறுப்பினர்கள் அவர் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். “ஏலே, சபை முன்னாடி என்னைய மணையில உக்காத்தி வச்சுத் தலைக்கு ஊத்திட்டியேலே!”

மேலவை, கவர்னர், மழை

சபை நிறைவேற்றினால் சட்டமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது மேலவைக்குப் போகவேண்டும். அங்கிருந்து கவர்னர் கையெழுத்துக்கு. அதற்குப் பிறகு கெஜட். அதற்கும் பிறகு, சட்டத்தை எப்படி நடத்துவது என்று விதிகள் எழுதவேண்டும். விதிகள் எழுதி முடிகிற நேரத்தில் எங்கள் பக்கம் அதிசயமாக நல்ல மழை. கண்மாய் நிறைந்து தளும்பியது. கரம்பை எல்லாம் தண்ணீருக்கு அடியில். சட்டம் கரையில்.

இரண்டாவது வெள்ளாமையும் போயிற்று. மழை இருந்தும் கல்லாங்காட்டில் தண்ணீர் நிற்காது. வந்த வேகத்தில் ஓடிவிடும். பக்கத்துக் கரிசலில் கொழுந்தனுக்குக் கொத்தமல்லி மணக்க மணக்க விளைந்தது. அவர் ஒருநாள் வத்தல் போட வந்தவர், வேட்டி மடிப்பை உதறிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கோபமாக வருகிறாரோ என்று எழுந்து நின்றேன். அப்படி ஒரு மரியாதையோடு பேசினார்: “ரைட்டர் தம்பி, சட்டத்தை நிதானமாச் செய்யுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

இப்போது சட்டம் இருக்கிறதே

மூன்றாவது கோடை. சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. கண்மாயும் வற்றிவிட்டது. சோலையம்மா முதல் ஆளாக மனுப் போட்டாள். முன்சீப் சான்று தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ‘பாக்கலாம்’ என்றார். சித்திரை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் அண்ணாச்சியிடம் போய், பழையபடி தாசில்தாருக்கு ஒரு சீட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நாள்காட்டித் தாளைக் கிழித்து எழுதினார். அதை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்கு ஓடினேன். தாசில்தார் இரண்டு தடவை வாசித்தார். பிறகு மரியாதையாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். “முன்ன மாதிரின்னா இந்த ஒரு சீட்டுப் போதும் தம்பி. இப்பத்தான் சட்டம் இருக்கே, நான் என்ன செய்ய?”

விழுங்கின வரி

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் ஆவாரம்பொட்டல் போனேன். வீட்டு முற்றத்தில் சோலையம்மாவும் நாலைந்து பெண்களும் அடுப்புக்குக் காய்ந்த பருத்திச் செடியின் மார் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் சொன்னதைச் சொன்னேன். சோலையம்மா இன்னொரு குச்சியை ஒடித்துக் கட்டில் சேர்த்தாள். பிறகு, “அந்தச் சட்டத்தை நான் இன்னும் கண்ணால பாக்கலியே தம்பி. வச்சிருக்கீகளா? வாசிங்க” என்றாள். கெஜட் பிரதி என் பையில் இருந்தது. தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பேன், அவ்வளவு பாசம்.

வாசித்தேன். “சத்தமா” என்றார்கள். சத்தமாக வாசித்தேன். “இன்னும் சத்தமா. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி என்ன மொனங்கல்?” என்றாள் ஒருத்தி. தொண்டை கிழிய வாசித்துக்கொண்டே போனவன், அந்தத் தலைக்குளியல் வரி வந்ததும் சத்தமில்லாமல் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அந்த வரியைக் கண்டாலே எனக்குக் கோட்டைப் படிக்கட்டு ஞாபகம் வந்துவிடும். சோலையம்மா கையிலிருந்த மார்க் குச்சியைக் கீழே போட்டாள். “தம்பி, நடுவுல எதையோ முழுங்குறீக. அதைத் துப்புங்க.”

கல்லாங்காட்டில் தலைக்குளியல்

துப்பிவிட்டு, ராத்திரி அந்த ஊரிலேயே தங்கினேன். மறுநாள் விடிந்ததும் ஆவாரம்பொட்டல் பெண்கள் கண்மாய்க்குள் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு நார்ப்பெட்டி. அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, வரிசையாக நடந்து, சோலையம்மா காட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீர் தொட்டு, உச்சியில் தேய்த்தார்கள். மிச்சத்தைக் காட்டில் கொட்டினார்கள். திரும்பவும் கண்மாய்க்குப் போனார்கள். தேய்த்து மிஞ்சியதை எங்கே கொட்டவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தலை குளிக்கலாம் என்பதும் இல்லை. அந்த வழுக்கைத் தலை உறுப்பினருக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

தலையாரி ஓடிப்போய்ச் சொல்ல, முன்சீப் குடையோடு வந்தார். காட்டுக்குள் காய்ந்த கரம்பை உச்சியோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குடையை என் பக்கம் திருப்பினார். “ரைட்டரே, என்னய்யா இது?” என்றார். நான் கெஜட்டை விரித்து, அந்த வரியை வாசித்தேன். அவருக்கு முதல் தடவையே கேட்டது. “அதுக்காக? நாள் பூராவுமா தலை குளிப்பாக? எம்புட்டு அழுக்குத்தான் இருக்கும்?” என்று கத்தினார். கூட்டத்தின் நடுவிலிருந்து அவருடைய சம்சாரம் எழுந்து நின்றார். தலை முழுக்கக் கரம்பை. கையில், தலையாரி பிடுங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்த அதே நார்ப்பெட்டி. “ஊரு அழுக்குக் கொஞ்சமாங்க இருக்கு? வந்துட்டீக, குடையை அங்கிட்டு வச்சுட்டு உக்காருங்க, உங்களுக்கும் தேச்சு விடுறேன்.”

கடைசிச் சீட்டு

காடு முழுக்கக் கரம்பை பரப்ப முடியவில்லை. தலைச்சுமையில் எவ்வளவுதான் வரும்? ஆனால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு குறுக்கத்தை அது மூடியது. அந்த ஒரு குறுக்கத்தில் குதிரைவாலி போட்டாள். மார்கழியில் நான் போனபோது கதிர் தலைசாய்ந்து நின்றது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு கொழுந்தன் வந்து வரப்பில் நின்றார். ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஊதி, வாயில் போட்டு மென்றார். “மதினி, விதைக்கு நாலு படி குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பேச்சு தீர்ந்தது என்று பெரியவர்களும் பின்னால் போனார்கள்.

நானும் சோலையம்மாவும்தான் மிச்சம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வருஷங்களில் நான் பட்ட அவமானத்துக்கெல்லாம் ஒரு வார்த்தையாவது வாங்கிவிட வேண்டும் என்று, “பாத்தீகளா, கடைசியில சட்டம் வேலை செஞ்சிருச்சு” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அறுப்புக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு புறப்பட்டவள், வரப்பில் இரண்டு எட்டு வைத்து, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “தம்பி, இனி ஒரு கஷ்டம்னு நான் அங்க வந்தேன்னா, நீங்க வாயைத் தொறக்காம அண்ணாச்சி கையால அந்தச் சீட்டை மட்டும் வாங்கிக் குடுத்துருங்க.” சொல்லிவிட்டு, கதிருக்கு நடுவே போயே போய்விட்டாள்.

ஒரு நாள்காட்டித் தாளில் முடியவேண்டியதை இரண்டு சபையும் ஒரு கவர்னரும் சேர்ந்து செய்யவேண்டியதாக ஆக்கி, அதிலும் கேலிக்காக நுழைந்த ஒரு வரியால் ஒரு குறுக்கம் குதிரைவாலி விளையவைத்ததுதான், இந்தத் தொழிலில் நான் நாட்டுக்குச் செய்திருக்கும் மொத்தச் சேவை.